பரந்தன் – முல்லைத்தீவு றோட்டு: என்னென்ன ஊர் வரும், பழைய கதை ஆருக்காவது தெரியுமா?

இணுவிலான்

வணக்கம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வீட்டு ஆட்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துப் போக யோசிக்கிறோம். எங்கள் பக்கத்து ஆட்கள் வழக்கமாக ஏ9 ஆல் மாங்குளம் மட்டும் போய், அங்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று போவார்கள். இந்த முறை பரந்தனில் திரும்பி ஏ35 ஆல்தான் போகவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா. எழுபதுகளில் விசுவமடுவில் மாமா வீட்டில் நின்று படித்தவ, அந்த றோட்டை ஒருக்கால் பார்க்கவேணுமாம்.

எனக்கு அந்தப் பக்கம் பழக்கமே இல்லை. என்னென்ன ஊர்கள் வரும், வட்டுவாகல் பாலத்தால் வான் போகுமா? அப்புறம் இன்னொன்று, அரசாங்கப் பெயர் "பரந்தன் – கரைச்சி – முல்லைத்தீவு" என்று இருக்கிறது. வரைபடத்தில் கரைச்சி என்று ஓர் ஊரைத் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த றோட்டின் பழைய கதை தெரிந்தவர்கள் எழுதினால் போகும் வழியில் பிள்ளைகளுக்கும் சொல்லலாம், இணையத்தில் தேடினால் 2009 கடைசிச் சண்டையைத் தவிர வேறொன்றும் வருகுதில்லை.

கண்டாவளைப் பொடியன்

முதலில் வழியைச் சொல்கிறேன். ஆனையிறவு தாண்டிப் பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ35. மொத்தம் கிட்டத்தட்ட 52 கிலோமீற்றர். முதலில் முரசுமோட்டை, இரண்டு பக்கமும் வயல், எல்லாம் இரணைமடுத் தண்ணீர். கண்டாவளைக்கும் புளியம்பொக்கணைக்கும் அந்தப் பக்கத்தில்தான் கிளை றோட்டுகள் பிரியும், நாகதம்பிரான் கோயில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு தர்மபுரம். அதைத் தாண்டக் கிளிநொச்சி மாவட்டம் முடியும், விசுவமடுவுக்குள் போனால் முல்லைத்தீவு மாவட்டம். உங்கள் அம்மாவை அங்கே இறக்கிவிடுங்கள், மாமா வீட்டுக் காணியை அவவே கண்டுபிடிப்பா!

அதற்குப் பிறகு மூங்கிலாறு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம், கைவேலி, புதுக்குடியிருப்பு. சாப்பாடு, எண்ணெய், வங்கி எது வேண்டுமென்றாலும் புதுக்குடியிருப்பில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், பாலம் கடந்தால் முல்லைத்தீவு. வற்றாப்பளைக்கு முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் றோட்டில் ஏறி முள்ளியவளைப் பக்கமாக வந்து திரும்பவேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து கேப்பாப்புலவு ஊடாகக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது படை முகாம் இருக்கிற பக்கம், போகலாமா என்று புதுக்குடியிருப்பில் கேட்டுவிட்டு வானைத் திருப்புங்கள். கூகுள் சொல்கிறதை நம்பி உள்ளே போகவேண்டாம்.

கரைச்சி ஊர் இல்லை. கிளிநொச்சி, பரந்தன் எல்லாம் அடங்கின பிரிவின் பெயர், கரைச்சிப் பிரதேச சபை என்று இப்பவும் இருக்கிறதுதானே. றோட்டுக்குப் பெயர் வைத்தவர் பிரிவின் பெயரை நடுவில் செருகிவிட்டார். நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, பரந்தனில் நின்றால் முல்லைத்தீவு றோட்டு, முல்லைத்தீவில் நின்றால் பரந்தன் றோட்டு, அவ்வளவுதான்.

கைவேலி

ஏ35 என்ற எண்ணை நாங்களே 2009 க்குப் பிறகு அறிக்கைகளில் பார்த்துத்தான் கனக்கப் பாவிக்கத் தொடங்கினோம். 2009 ஐத் தவிர வேறொன்றும் வருகுதில்லை என்று கேட்டவர் சலித்துக்கொள்கிறார். சரி, ஆனால் அந்த வருசம் இந்த றோட்டில் நடந்ததை ஒழுங்காகச் சொன்ன ஆளும் குறைவு, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

2009 தை (ஜனவரி) 1 ஆம் திகதி பரந்தனைப் படையினர் பிடித்தார்கள், அடுத்த நாள் கிளிநொச்சி. றோட்டின் மேற்கு வாசல் அதோடு பூட்டு. அதே மாதம் 25 ஆம் திகதி முல்லைத்தீவு நகரமும் போனது, கிழக்கு வாசலும் பூட்டு. நடுவில் தர்மபுரத்துக்கும் வட்டுவாகலுக்கும் இடையில் இருந்த சனம் அத்தனையும் இந்த ஒரு தார் றோட்டில்தான் நின்றது. லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினில், மாட்டு வண்டிலில், சைக்கிளில் கூரைத் தகரத்தையும் தறப்பாளையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிழக்கே நகர்ந்தோம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் எங்களோடு நகர்ந்தது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் என்று பள்ளிக்கூடக் கட்டடங்களில் கட்டில் போட்டு, பிறகு கடற்கரைப் பக்கம் மாத்தளன் மட்டும் போனது. தை 21 இல் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் இந்த றோட்டுக்கு வடக்குப் பக்கம், 35 சதுரக் கிலோமீற்றர் அளவு. அதை நம்பி உள்ளே போன சனத்துக்கு மேல் செல் விழுந்தது ஐநா நிபுணர் குழுவின் 2011 அறிக்கையிலேயே இருக்கிறது. மாசி 12 இல் வலயத்தைக் கடற்கரைப் பக்கம் மாற்றி அறிவித்தார்கள். வைகாசி நடுப்பகுதியில் மிஞ்சின சனம் வட்டுவாகல் பாலத்தால் நடந்து மற்றப் பக்கம் போனது. அதனால் அந்தப் பாலத்தில் வான் போகுமா என்று ஆராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வருகிறதில்லை.

போகும், பயப்படாதீர்கள். பழைய பாலம் ஒடுங்கல், ஒரு நேரத்தில் ஒரு வாகனம், எதிர்ப் பக்கம் ஒன்று ஏறிவிட்டால் நீங்கள் இந்தப் பக்கம் நிற்கவேண்டும். மாரியில் நந்திக்கடல் களப்பு நிறைந்தால் மேலால் தண்ணீர் பாயும். 2025 புரட்டாதியில் புதுப் பாலத்துக்கு வேலை தொடக்கி வைத்தார்கள், அதனால் வேலை நடக்கிற இடத்தில் மெதுவாகப் போங்கள்.

மிளகாய்க்கண்டு

கைவேலித் தம்பி எழுதினது அத்தனையும் உண்மை. ஒரு வரியும் மறுக்க வரவில்லை. ஆனால் கேட்டவர் பழைய கதை கேட்டார். றோட்டு 2009 இல் தொடங்கினது போலவும் அதற்கு முன்னம் அங்கே வெறும் காடு போலவும் ஆகிவிடக்கூடாது, இப்ப வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இந்த றோட்டை மேற்கிலிருந்து கிழக்கே பார்த்தால் குடியேற்றத்தின் வரலாறு வரிசையாக நிற்கும். இரணைமடுக் குளம் கட்டத் தொடங்கினது 1902 இல், ஒப்பேற 1920 ஆயிற்று. அந்தத் தண்ணீரை நம்பித்தான் யாழ்ப்பாணத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து காடு வெட்டினார்கள், முரசுமோட்டை வயலெல்லாம் அந்த வழி வந்தது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது, ஆனையிறவு உப்பை எடுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள், சங்கு ஊதினால் அந்தப் பக்கம் மணிக்கூடு தேவையில்லை. எண்பதுகளில் சண்டையோடு அது நின்றது, இப்ப துருப்பிடித்த இரும்பும் சுவரும் மிச்சம்.

இன்னும் கிழக்கே போனால் நெல் குறைந்து மேட்டுக் காணி வரும். விசுவமடுவில் இளைஞர் குடியேற்றத் திட்டம் என்று ஒன்று வந்தது. முத்தையன்கட்டிலும் அதே மாதிரி. படித்துவிட்டு வேலை இல்லாமல் நின்ற பெடியளுக்குக் காணி கொடுத்து, குளத்துத் தண்ணீரை மெசினால் மேட்டுக்கு ஏற்றி மிளகாயும் வெங்காயமும் வைக்கச் சொன்னார்கள். முதல் சிரித்த ஊர்ச் சனம்தான் பிறகு வாயில் கை வைத்தது. 1970 இல் சிறிமாவோ அம்மையார் அரசாங்கம் வந்து இறக்குமதியை இறுக்கினதும் செத்தல் மிளகாய் விலை எங்கோ போனது. தென்னிலங்கை லொறிகள் இந்த றோட்டால் வந்து விசுவமடுவில் மூட்டை மூட்டையாக ஏற்றின. கலியாணத்துக்கு மாப்பிள்ளை கேட்டால் "விசுவமடுவில் தோட்டம்" என்றால் காணும், அரசாங்க உத்தியோகத்தன் பக்கத்தில் நிற்கமாட்டான்! இணுவிலான், உங்கள் அம்மா அங்கே நின்றது அந்தக் காலம்தான், மிளகாய் பிடுங்கப் போய்க் கை எரிந்த கதை அவவிடம் கட்டாயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். 1977 இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார், விலை விழுந்தது, அதோடு அந்தக் கொண்டாட்டம் சரி.

அதே 1977 இல் தமிழருக்கு எதிரான கலவரம். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் வன்னியில் பல பக்கமும் குடியேறின, இந்த றோட்டு ஓரக் குடியேற்றங்களிலும்தான். தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்களில் கனபேர் அவர்கள். மிளகாய்க் கதையை யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது அந்த ஆட்களின் பெயர் வருவதில்லை, அதையும் இதிலே எழுதி வைக்கிறேன்.

கைவேலி

ஐயா, புதுக்குடியிருப்பு எப்படி இவ்வளவு பெரிய பட்டினமாக வந்தது என்றும் சொல்லுங்கோ. எங்கள் அப்பா காலத்தில் அது சின்னச் சந்தி என்றுதான் சொல்லுவார்.

மிளகாய்க்கண்டு

சந்தியும் நாலைந்து கடையும்தான். ஒட்டுசுட்டான் றோட்டு வந்து சேர்கிற இடம் என்பதால் ஒரு பிடி இருந்தது. அதைப் பட்டினமாக்கினது இடம்பெயர்வுதான். 1995 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டையால் எழும்பிக் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தது. 1996 இல் கிளிநொச்சியைப் படை பிடித்ததும் அங்கிருந்த சனமும் கடையும் கந்தோரும் மற்றப் பக்கம் சிதறின, அதில் ஒரு பெரிய பங்கு இந்த றோட்டால் கிழக்கே வந்தது. அதே வருசம் ஆடியில் முல்லைத்தீவு முகாமைப் புலிகள் அடித்து எடுத்ததால் கடற்கரைப் பக்கம் திறந்தது. மேற்கே போக வழியில்லை, வியாபாரம் எங்கே போகும்? புதுக்குடியிருப்பில் குந்தியது. பொருளாதாரத் தடை நேரம் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டுவதற்குச் சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து ஸ்டார்ட் பண்ணித் தருகிற கராஜுகள் எல்லாம் அங்கே வரிசைக்கு இருந்தன. புகையைப் பார்த்தே யாருடைய சைக்கிள் என்று சொல்லலாம். கிரவலும் கிடங்குமான றோட்டு, பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரப் பாதி நாள் போய்விடும்.

கண்டாவளைப் பொடியன்

இப்போதைய காப்பெற் றோட்டு சண்டைக்குப் பிறகு சீனக் கடனில் போட்டது. ஏ32 பூநகரி – மன்னார் றோட்டும் அதே காசுதான். ஓடுவதற்கு நல்ல றோட்டு, ஆனால் நல்லாக இருப்பதுதான் கரைச்சல், பின்னேரம் மாடு கூட்டமாக நடு றோட்டில் படுத்திருக்கும், வான்காரரிடம் தர்மபுரம் தாண்டினதும் மிதிக்கவேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இணுவிலான்

எல்லோருக்கும் பெரிய நன்றி. மிளகாய்க்கண்டு ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கை எரிந்த கதை இல்லையாம், கண் எரிந்த கதைதானாம், அதுவும் மாமாவின் பிழையாம். வள்ளிபுனத்தில் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் பிள்ளைகள் 2006 இல் குண்டுவீச்சில் செத்த இடமும் இந்த வழியில்தானே என்று கேட்கிறா. கடைசிக் கேள்வி: திரும்பி வரும்போது அதே வழியா, மாங்குளம் வழியா நல்லது?

கைவேலி

ஓம், அதே வள்ளிபுனம்தான். 14 ஆவணி 2006.

திரும்பும்போது மாங்குளம் வழியால் வாருங்கள். பொங்கல் முடிந்து எல்லா வாகனமும் ஒரே நேரத்தில் வெளிக்கிடும், வட்டுவாகல் ஒடுக்கத்தில் மாட்டுப்பட்டால் விடிந்துவிடும். வற்றாப்பளையிலிருந்து முள்ளியவளை கிட்ட, காட்டு விநாயகர் கோயில் அங்கேதான். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிகிற சடங்கு முதலில் நடப்பது அந்தக் கோயிலில், ஒரு நாள் முன்னதாக வந்தால் பிள்ளைகளும் பார்க்கலாம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில். அதற்குக் கிட்டத்தான் கற்சிலைமடு, 1803 ஐப்பசி 31 இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை வொன் டிறிபேர்க் என்ற கப்டன் தோற்கடித்ததாக வெள்ளைக்காரன் கல் நாட்டின இடம். பிறகு கரிப்பட்டமுறிப்பு, ஒலுமடு, மாங்குளம். இரவில் அந்தக் காட்டுத் துண்டில் யானை நிற்கும், பொழுதுபட முன்னம் ஏ9 ஏறப் பாருங்கள்.