6,000 பவுண்டு எடைக்கு மேல் உள்ள வண்டி வாங்கினால் மொத்த விலையும் வரிக் கணக்கில் கழியுமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் கல்யாணம், காதுகுத்து ஆர்டர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறோம். நானும் மனைவியும்தான். போன மாதம் பிரேக் போட்டபோது மினிவேனில் சாம்பார் அண்டா சாய்ந்து, பின்சீட்டு முழுக்க நனைந்துவிட்டது. அதனால் பெரிய எஸ்யூவி ஒன்று பார்த்திருக்கிறோம், 68,000 டாலர். "6,000 பவுண்டுக்கு மேல், மொத்தத்தையும் 2025 வரிக் கணக்கிலேயே கழித்துவிடலாம், டிசம்பர் 31-க்குள் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் டீலர். வார நாட்களில் பிள்ளைகளை ஸ்கூலில் விடுவதும் இதே வண்டியில்தான். நம்பி வாங்கலாமா?

பதில் 1:
தம்பி, அவர் சொன்னதில் பாதி சரி. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய வண்டிக்கு போனஸ் தேய்மானம் (முதல் வருஷத்திலேயே விலையைக் கழிக்க விடும் மத்திய வரிச் சலுகை) மறுபடி 100 சதவீதம் ஆகிவிட்டது. செக்‌ஷன் 179 என்று, வாங்கிய வருஷமே கழிக்க விடும் இன்னொரு விதியில் எஸ்யூவிக்கு 2025-ல் 31,300 டாலர் என்று ஒரு வரம்பு உண்டு, ஆனால் மீதியை போனஸ் பார்த்துக்கொள்ளும். அந்த 6,000 பவுண்டு வண்டியின் சொந்த எடை இல்லை. சுமையோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு என்பது. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் இருக்கும், நீங்களே படித்துப் பாருங்கள்.

அவர் சொல்லாமல் விட்ட பாதிதான் என்னைக் கடித்தது. நான் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். 2021 ஜூனில் 58,000 டாலருக்கு எஸ்யூவி வாங்கினேன். தொழிலுக்கு 80 சதவீதம் ஓடியது, 46,400 டாலரை ஒரே வருஷத்தில் கழித்தேன். 2023-ல் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன், தொழில் ஓட்டம் 40 சதவீதமாக இறங்கியது. தொழில் ஓட்டம் 50 சதவீதத்துக்கு மேல் இல்லையென்றால், வருஷா வருஷம் சமமாகக் கழித்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை வருமானத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும். எனக்கு 32,480 டாலர் சேர்ந்தது. வரி கட்டக் கையில் காசு இல்லை, வண்டிக் கடனும் பாக்கி. அன்றைக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஸ்கூல் ஓட்டம் சொந்த ஓட்டம். வீட்டில் முறையான தொழில் அலுவலகம் இல்லையென்றால், வீட்டிலிருந்து வாடகைக் கிச்சனுக்குப் போய்வருவதும் அப்படித்தான். தேய்மானத்துக்கான வரிப் படிவம் 4562-ல், தொழிலுக்கு ஓடியதற்கு ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா என்று தனித்தனியாகவே கேட்கிறார்கள். டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் போட்டு வையுங்கள்: தேதி, கிளம்பும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், யார் வீட்டு ஆர்டர். அப்புறம் இன்னொன்று, கழிவு என்பது கையில் வரும் பணம் இல்லை. 22 சதவீத வரம்பில் இருந்தால் 1,000 டாலர் கழிவுக்கு வருமான வரியில் மிச்சமாவது 220 டாலர்.

பதில் 2:
கலிஃபோர்னியா மாநில வரிக்கு இதெல்லாம் செல்லாது. போனஸ் தேய்மானமே கிடையாது, செக்‌ஷன் 179 மொத்தமே 25,000 டாலர்தான். மத்திய வரி, மாநில வரி இரண்டுக்கும் கணக்கைத் தனித்தனியாக வைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, டிசம்பர் 31-க்குள் வண்டி உங்களிடம் வந்து தொழிலுக்கு ஓடத் தயாராக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி இரண்டு வாரம் மினிவேனிலேயே நோட்டுப் போட்டேன். மொத்தம் 612 மைல், அதில் ஆர்டரும் மளிகைச் சாமான் வாங்கப் போனதும் சேர்ந்து 271. 44 சதவீதம்தான், 50-ஐத் தாண்டவில்லை. டீலரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்சீட்டு இல்லாத பழைய கார்கோ வேன் ஒன்றை ஆர்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். பழைய வண்டிக்கும் இந்தக் கழிவு உண்டா?

பதில் 1:
உண்டு தம்பி. அது முன்பு உங்களுடையதாக இருந்திருக்கக் கூடாது, நெருங்கிய உறவினர்களிடமிருந்து வாங்கியதாகவும் இருக்கக் கூடாது. வேனுக்குள் அண்டா நகராமல் இருக்கத் தரையில் கொக்கி இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.