கடைக்காரராக இருந்து எம்.எல்.ஏ. ஆனவரை நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

கரிசல்காடு:
எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சிதான் போன முறை எம்.எல்.ஏ. முதலில் வார்டு, பிறகு பேரூராட்சித் தலைவர், அப்புறம் கோட்டை. ஊரில் பாதிப் பேரின் பற்று அவருக்கு மனப்பாடம். நோட்டைத் திறக்காமலே அப்பாவிடம் பாக்கியைச் சொல்வார். அப்பா போன பிறகு, ஓடைப் பாலம் கேட்டு மனுவோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கி நீளவாக்கில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். பொட்டலம் மடித்த அதே விரல். முகத்தைப் பார்க்காமல், "எந்த ஊருப்பா?" என்றார். பாலம் வராததுகூடப் பரவாயில்லை, அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

மல்லிகைப்பந்தல்:
ஒரு நாளைக்கு எத்தனை பேர் மனுவோடு வருவார்கள், யோசியுங்கள். எங்கள் தொகுதிக்காரர் உரக்கடை வைத்திருந்தவர். அம்மாவின் முதியோர் உதவித்தொகை நின்றுபோனபோது, என் எதிரிலேயே தாசில்தாருக்குப் போன் போட்டார். பேசும்போது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். போனில்தான் பேசுகிறார், ஆனாலும் நிற்கிறார்! கடைக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முன்னால் காலமெல்லாம் நின்ற உடம்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பணம் மறுபடி வர ஆரம்பித்தது. பதவி வந்தால் எல்லாரும் ஊரை மறந்துவிடுவார்கள் என்று தயவுசெய்து பொதுவாகச் சொல்லாதீர்கள்.

கரிசல்காடு:
எல்லாரையும் நான் சொல்லவில்லைங்க. என்னைத் தெரிந்த ஒருவரைத்தான் சொன்னேன்.

பழைய கணக்கர்:
தேர்தலில் நின்ற ஒரு கடைக்காரருக்கு நான் கணக்கு எழுதியவன். அரசு விடுதிக்கு அரிசி, பருப்பு போட்டுக்கொண்டிருந்தார். அரசோடு நடப்பில் பொருள் வழங்கும் ஒப்பந்தம் இருந்தால் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி தகுதி போய்விடும். அதனால் மனுத் தாக்கலுக்கு முன்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். கடைசி பில்லில் கையெழுத்துப் போட்டவர், பேனாவை மூடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் பாதி வியாபாரம் அதுதான்.

கரிசல்காடு தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய்தான், மொத்தத் தொகுதிக்கும் அதற்குள் பார்க்க வேண்டும். எம்.எல்.ஏ. பரிந்துரைதான் செய்வார், அனுமதி கொடுப்பது கலெக்டர். அதனால் வெறும் மனுவோடு நிற்காதீர்கள். ஓடை யார் பராமரிப்பில் இருக்கிறது, பேரூராட்சியா நீர்வளத் துறையா என்று முதலில் விசாரியுங்கள். பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்த நகலை வைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.