முன்பணம் கேட்கும் இணைய விற்பனையாளரிடம் கைப்பேசி வாங்கலாமா?

கேள்வி: தோட்டத்து இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

வணக்கம். நாங்கள் பேராக், சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கிறோம். மகள் எஸ்.பி.எம். தேர்வு முடித்து மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குச் செல்லவிருக்கிறாள்; அவளுக்கு ஒரு திறன்பேசி வாங்க வேண்டும். பட்டணத்துக் கடையில் பார்த்துவைத்த சாம்சுங் கைப்பேசிக்கு 1,600 ரிங்கிட் சொல்கிறார்கள். அதே கைப்பேசி, முத்திரை பிரிக்காத புதுப் பெட்டியோடு 1,050 ரிங்கிட் என்று ஒருவர் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்திருந்தார். தமக்குக் கோலாலம்பூரில் கடை இருப்பதாகச் சொல்கிறார். புலனத்தில் (வாட்ஸ்அப்) விசாரித்தபோது தமிழிலேயே, "அக்கா, அக்கா" என்று மிகவும் பணிவாகப் பதில் அளித்தார். 300 ரிங்கிட் முன்பணம் அனுப்பினால் மறுநாளே பொருளை அனுப்பிவிடுவதாகவும், மீதியைப் பொருள் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும் என்றும் கூறுகிறார். நம்பிக்கைக்காகத் தம் அடையாள அட்டையின் படத்தையும் எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுச் சான்றிதழின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

அடையாள அட்டையையே காட்டிவிட்ட மனிதர் ஏமாற்றமாட்டார் என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் காரணத்தை எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. 550 ரிங்கிட் மிச்சம் என்பது எங்களுக்குச் சிறிய தொகை அன்று. இவரை எப்படிச் சோதிப்பது? இணையத்தில் வாங்குவதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஈப்போ

சகோதரி, உங்கள் கணவர் நம்பும் அந்த அடையாள அட்டைதான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தருகிறது. ஒழுங்காகக் கடை நடத்துபவர் எவரும் முகம் தெரியாத வாடிக்கையாளருக்குத் தம் அட்டையைப் படமெடுத்து அனுப்புவதில்லை. பட்டணத்துக் கடைக்காரர் உங்களிடம் அப்படி எதையும் காட்டினாரா? மோசடிக்காரர்கள் அனுப்பும் இத்தகைய படங்கள் பெரும்பாலும் வேலை தருகிறோம், கடன் தருகிறோம் என்று சொல்லி வேறு யாரிடமிருந்தோ வாங்கப்பட்டவை. ஆகவே அட்டையில் இருக்கும் முகம் இன்னோர் ஏமாளியின் முகமாகவே இருக்கக்கூடும். பதிவுச் சான்றிதழின் கதையும் இதுதான். மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் செலுத்தி எந்த வணிகத்தின் பதிவு விவரத்தையும் யாரும் பெற்றுக்கொள்ளலாம். சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கட்டும். உங்களோடு புலனத்தில் பேசுபவர் அந்தக் கடையின் உரிமையாளர் என்பதற்கு அது எந்த வகையிலும் சான்று ஆகாது.

அவரிடம் வங்கிக் கணக்கு எண்ணைக் கேளுங்கள். பணம் அனுப்புவதற்காக அன்று, பெயரைப் பார்ப்பதற்காக. அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு கடை, கணக்கில் மூன்றாவதாக ஒருவர் என்று இருந்தால் உரையாடலை அதோடு நிறுத்திவிடலாம். பெயர்கள் ஒத்திருந்தாலும், அரச மலேசிய காவல் படையின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். முன்பே புகார் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மோசடிக் கும்பல்கள் ஒரு கணக்கு அடைபட்டவுடன் அடுத்த கணக்குக்கு மாறிவிடுகின்றன. சில நூறு ரிங்கிட்டுக்கு ஆசைப்பட்டுத் தம் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் இரவல் கொடுக்கும் இளைஞர்கள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள் என்பது வருத்தமான செய்தி. 2024-இல் குற்றவியல் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அவ்வாறு கொடுப்பதே தனிக் குற்றம். பிள்ளைகளிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அடுத்து அந்த 300 ரிங்கிட். அத்துடன் முடிந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும், முடியாது. முன்பணம் போனபின் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது என்பார்கள், காப்புறுதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். கொடுத்ததை இழக்க மனமில்லாமல் மேலும் மேலும் அனுப்புவோம். சிறிய முன்பணம் நம் தயக்கத்தை உடைப்பதற்கான வழி. ஷோப்பி, லசாடா போன்ற தளங்களில் நாம் செலுத்தும் பணம் உடனடியாக விற்பவரிடம் போய்விடுவதில்லை. பொருள் கிடைத்ததை நாம் உறுதிசெய்யும் வரையிலோ, அதற்குரிய காலக்கெடு முடியும் வரையிலோ தளமே அதை வைத்திருக்கிறது. எனவே அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதே கைப்பேசியை அப்படிப்பட்ட தளம் ஒன்றில் போட முடியுமா, விலை கொஞ்சம் கூடினாலும் அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்று. அவர் சொல்லும் பதில் போதும்.

பதில்: கைப்பேசி பழுதுபார்ப்பவன், சுங்கை சிப்புட்

அக்கா, ஐயா பணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். விலை குறைவதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. ஏ.பி. செட் என்று நாங்கள் சொல்லும் கைப்பேசிகள், நிறுவனத்தின் மலேசியக் கிளை வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதி ஆனவை. அவற்றுக்கு நிறுவனத்தின் உள்நாட்டு உத்தரவாதம் இராது, விற்ற கடைக்காரரின் உத்தரவாதம் மட்டுமே இருக்கும். அதனால் விலை சற்று இறங்கும். பெட்டி பிரித்தவை, கண்காட்சிக்கு வைத்தவை, புதுப்பிக்கப்பட்டவை இன்னும் இறங்கும். ஆனால் புதிய, முத்திரை பிரிக்காத, நடப்பு மாடல் கைப்பேசியில் மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைக்கும் அளவுக்கு இந்தத் தொழிலில் இலாபம் கிடையாது. நானே வாங்கி விற்றாலும் அந்த விலைக்குத் தர முடியாது. அப்படியென்றால் பொருளே இல்லை, அல்லது போலி, அல்லது திருட்டு.

போலிக் கைப்பேசிகள் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் 512 ஜி.பி. என்று காட்டும், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட இருக்காது, ஏனென்றால் அந்தத் திரையே பொய் சொல்லும்படி எழுதப்பட்டிருக்கும். ஆகவே அமைப்புகளில் தெரிவதை மட்டும் நம்பாமல் *#06# என்று அழுத்தி, வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணை, பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். சாம்சுங் என்றால் *#0*# அழுத்தினால் திரை, ஒலிபெருக்கி, உணரிகள் ஆகியவற்றைச் சோதிக்கும் பக்கம் திறக்கும். போலியில் பெரும்பாலும் அது திறக்காது. பெட்டியில் சிரிம் (தரச் சான்று நிறுவனம்), எம்.சி.எம்.சி. (தொடர்பு, பல்லூடக ஆணையம்) சான்று ஒட்டுவில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்நாட்டில் முறைப்படி விற்கப்படும் கைப்பேசிகளுக்கு அந்தச் சான்று வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்க நினைத்தால் கவனம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். முன்னைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், முழுவதும் அழித்துத் திரும்பத் தொடங்கினாலும் அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். விற்பவர் உங்கள் கண்ணெதிரே அழித்து, நீங்கள் உங்கள் சிம் அட்டையைப் போட்டு ஓர் அழைப்பு செய்து பார்க்கும் வரை பணத்தை எடுக்காதீர்கள். தவணையில் வாங்கி, பாதியில் விற்கப்படும் கைப்பேசிகளும் உண்டு. தவணை நின்றால் கடன் கொடுத்த நிறுவனம் தொலைவிலிருந்தே அதை முடக்கிவிடலாம், அதை நான் திறந்து தர முடியாது. ஐபோன் என்றால் மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என இருந்தால் புதிதாக விற்கப்பட்டது, எஃப் என இருந்தால் நிறுவனமே புதுப்பித்தது, என் என இருந்தால் பழுதுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. புதியது என்று சொல்லி எஃப் எழுத்தை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதில்: பார்சல் ஓட்டுநர், கோலகங்சார்

பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் பணத்தை வாங்கிய பிறகுதான் பார்சலைக் கொடுப்போம். பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்றால் எங்களால் ஒத்துக்கொள்ள முடியாது. உள்ளே கல் இருந்தாலும் சவர்க்காரம் இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது, பணமும் எங்களிடம் இருக்காது. தளத்தின் வழியாக வாங்கியிருந்தால், பார்சலில் ஒட்டிய முகவரித் தாள் தெரியும்படி தொடங்கி, நிறுத்தாமல் ஒரே காணொளியாகப் பிரிப்பதைப் பதிவுசெய்யுங்கள். திருப்பிக் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே கேட்டேன். முதலில், தளங்கள் அதிகக் கட்டணம் பிடிக்கின்றன என்று சலித்துக்கொண்டார். பிறகு சம்மதித்து ஓர் இணைப்பை அனுப்பினார். திறந்தால், ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்கிறது. அது வேண்டாம் என்று நான் சொன்னதும், வழக்கமான தளத்திலேயே போடுகிறேன், ஆனால் பணம் செலுத்திய உடனே பொருள் கிடைத்துவிட்டதாக அழுத்திவிடுங்கள், அப்போதுதான் கொரியர் எடுத்துச் செல்லும் என்கிறார். கணக்கின் பெயரும் அட்டையில் உள்ள பெயர் இல்லை. கணவரும் இப்போது மௌனமாகிவிட்டார். நாங்கள் பணம் எதுவும் அனுப்பவில்லை. இனி என்ன செய்ய வேண்டும்? பணம் அனுப்பியிருந்தால் வழி ஏதேனும் இருந்திருக்குமா?

பதில்: சட்டம் பயிலும் மாணவி, பினாங்கு

அம்மா, அந்தச் செயலியைப் பதிவிறக்காமல் விட்டது மிகவும் நல்லது. அதிகாரபூர்வச் செயலிக் கடையில் அல்லாமல், ஏ.பி.கே. என்ற ஆண்ட்ராய்டு கோப்பாக நேரடியாக வரும் செயலியை நிறுவினால் அது கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கிக் கணக்கையே காலி செய்யக்கூடும். 300 ரிங்கிட்டோடு நிற்காது. பொருள் கிடைத்துவிட்டதாக முன்கூட்டியே அழுத்தச் சொல்வதும் பழைய தந்திரம்: அழுத்திய உடனே தளம் வைத்திருக்கும் பணம் அவருக்கு விடுவிக்கப்படும்.

பணம் அனுப்பியிருந்தால் முதல் வேலை, தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழைப்பது. 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. அல்லது உங்கள் வங்கியின் அவசர எண்ணை அழைக்கலாம். பணம் முதல் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடுவதால், காவல் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்ற பிறகு அழைப்போம் என்று எண்ணக்கூடாது. அழைத்துவிட்டுப் புகார் கொடுக்கப் போகலாம்.

விற்றவர் உண்மையான வணிகராக இருந்து, பழுதான அல்லது வேறு பொருளைக் கொடுத்திருந்தால் வழி வேறு. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். இணையம் வழியாகவும் பதிவுசெய்யலாம். ஆனால் தம் சொந்தக் கைப்பேசியை விற்கும் தனிநபர் மீது அங்கே போக முடியாது, மறைந்துபோன மோசடிக்காரர் மீது போனாலும் பயனில்லை. யாரை அழைப்பது என்றே தெரியாதே. ஆகவேதான் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் வணிகம் செய்பவர் தம் பெயர், பதிவு எண், முகவரி, தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்று மின்னியல் வணிக விதிமுறைகளே சொல்லிவிட்டன. விளம்பரத்தில் இவை எதுவும் இல்லாமல், புலனத்தில் வாருங்கள் என்று மட்டும் எழுதுபவரை அங்கேயே கடந்து போகலாம். எழுத்து வேலைகளில் உதவி தேவைப்பட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழில் பேசினாலும் புரிந்துகொள்வார்கள்.

இப்போதைக்கு உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரம், தொலைபேசி எண், கணக்கு எண், அவர் அனுப்பிய இணைப்பு ஆகிய எல்லாவற்றையும் திரைப்பிடிப்புகளாகச் சேமித்த பிறகு விளம்பரத்தைப் பற்றி அந்தச் சமூக ஊடகத்திடம் புகார் அளித்துவிட்டு, அதன் பிறகு எண்ணைத் தடைசெய்யுங்கள். அந்த எண்களோடு காவல் நிலையத்தில் ஒரு புகார் பதிவாகிவிட்டால், அடுத்ததாகத் தேடிப் பார்க்கும் ஒருவருக்குச் செமாக் மியூலில் அது தெரிய வாய்ப்புண்டு. அடையாள அட்டையின் படத்தை மட்டும் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். அதில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாமலே இருக்கலாம்.