பீச்சற புலி: முகம் வர்ற மாதிரி எப்படி எடுக்கறது?

ஓசூர்_லென்ஸ்:
பந்திப்பூர் சஃபாரி போயிருந்தோம்ங்க, ஆண் புலி ஒண்ணு ரோட்டு மேலயே நடந்து வந்துச்சு, சாஞ்ச மரம் ஒண்ண மோந்து பாத்துட்டு திரும்பி நின்னு வால தூக்கி மரத்து மேல சர்ருனு மூத்திரத்த பீச்சிட்டு போயிடுச்சு. கார்டு ஃபுல்லா அதோட பின்பக்கம்தான் 😄 எல்லை குறிக்கறதுன்னு தெரியும், ஆனா முகம் வர்ற மாதிரி எடுக்க வழி இருக்கா? அப்பறம் அஞ்செட்டி பக்கம் மாமா ஊர்ல வண்டித்தடத்துல மண்ண பறண்டி வச்சிருந்துச்சு, அதுவும் புலிதானா?

காட்டுப்பூச்சி:
மோந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, போட்டோவே அங்கதான். மோந்த உடனே தலைய தூக்கி மூக்க சுருக்கி பல்லு தெரிய வாய பொளந்து நிக்கும், பாக்கறவங்க உறுமுதுன்னு நெனச்சுக்குவாங்க, ஃப்ளேமென்னு பேரு அதுக்கு, மேல் அண்ணத்துல இருக்கற உறுப்பு வழியா வாசனைய படிக்குது, வந்துட்டு போனது ஆணா பொண்ணா, பொண்ணுன்னா சேர்றதுக்கு தயாரா இருக்கான்னு எல்லாம். சில செகண்ட்தான் நிக்கும், விரல் பட்டன்லயே இருக்கணும். சாஞ்ச மரத்துல அடிப்பக்கம் மழை அவ்வளவா படாது, வாசம் தங்கும். கிட்டத்தட்ட பாஸ்மதி சோத்து வாசம், ரெண்டுலயும் ஒரே கெமிக்கல் இருக்கு. அது மங்க மங்க திரும்ப வந்து பீச்சியே ஆகணும், இல்லன்னா அடுத்தவன் உள்ள வந்துடுவான். அதனால அந்த மரத்த ஞாபகம் வச்சுக்கங்க, டிரைவர்கிட்டயும் சொல்லி வைங்க.

தளி_தம்பி:
அண்ணா சொன்னதோட ஒண்ணு, ஜூம் இல்லாத 600 எம்எம் லென்ஸோட நிக்காதீங்க, கிட்ட வந்துட்டா மீசை மட்டும்தான் கிடைக்கும், 100-400 எம்எம் மாதிரி ஜூம் லென்ஸ் போதும். நடக்கறப்ப ஷட்டர் 1/1000 வைங்க, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான செட்டிங்) ஏறுனா ஏறட்டும், படத்துல புள்ளி புள்ளியா கிரெயின் வந்தாலும் பரவால்ல, ஷேக் ஆனது எதுக்கும் ஆகாது. ரெண்டு பக்க ஒடம்பும் எடுங்க, எந்தப் புலின்னு வரிய வச்சுத்தான் சொல்வாங்க, வலது வரி வேற இடது வரி வேற, அதான் காட்டுல தானா படம் எடுக்கற கேமரா ட்ராப்ப எதிரெதிரா ரெண்டு வைக்கறாங்க.

காட்டுப்பூச்சி:
ஜூம் சரி தம்பி, ஆனா லென்ஸ விட வண்டிய எங்க நிறுத்தறோம்ங்கறது முக்கியம். வழிய மறிச்சா மார்க்கும் பண்ணாது ஒண்ணும் பண்ணாது, புதருக்குள்ள எறங்கிடும்.

அஞ்செட்டிக்காரன்:
மாமா ஊர்ல பாத்தது பெரும்பாலும் சிறுத்தையா இருக்கும்ங்க. சிறுத்தையும் பின்னங்கால்ல பறண்டும், மரத்துல பீச்சவும் செய்யும், அதனால பறண்டல மட்டும் வச்சு சொல்ல முடியாது, பக்கத்துல காலடி இருக்கான்னு பாருங்க, நகம் பதிஞ்சிருந்தா பெரும்பாலும் நாய் மாதிரி வேற மிருகம். அதுக்காக காட்டுக்குள்ள தேடி போயிடாதீங்க, இந்தப்பக்கம் காவேரி வடக்கு சரணாலயம், 2014லயே அறிவிச்சது, பர்மிஷன் இல்லாம போனா கேஸ். ராகி அறுப்பு நேரம் வேற, யானை எறங்கும். தடத்துக்கு பக்கத்துல அளவு தெரிய ஒரு தீப்பெட்டி வச்சு போட்டோ எடுத்து போடுங்க, பாத்து சொல்றேன்.

ஓசூர்_லென்ஸ்:
மாமாவுக்கு போன் போட்டுட்டேன்ணா, பகல்லயே எடுக்க சொல்லிருக்கேன் 🙏