கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் குடிபெயரலாமா?

கேள்வி:
வணக்கம். கோலாலம்பூரில் சம்பளத்தில் பாதி வாடகைக்கே கரைந்துவிடுவதால், வீட்டிலிருந்தே வேலை செய்யும் நானும் மனைவியும், அடுத்த ஆண்டு பள்ளியில் சேரவிருக்கும் மகளோடும் நீரிழிவு நோயுள்ள அம்மாவோடும் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் குடியேற எண்ணுகிறோம். அங்குள்ளோர் கருத்து என்ன?

பதில் 1:
பள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம், தம்பி. மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் முயற்சியால் 1954இல் உருவான மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இங்குதான் உள்ளது. ஆனால் தோட்டத்தை ஒட்டிய வீடாக இருந்தால், இணைய வசதி வந்திருக்கிறதா என்று அண்டை வீட்டாரிடமே கேளுங்கள். முகவரின் பேச்சை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நான் மூன்று மாதம் திண்டாடினேன்.

பதில் 2:
ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. சிறப்பு மருத்துவரைப் பார்க்க, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போ நகருக்குச் செல்ல நேரலாம். கார் இல்லாமல் சிரமம்தான்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கிறோம்.