சிங்கப்பூர் நம்பர் கெலிசா கார் இன்னும் எத்தனை ஓடுகிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மூணு சிலிண்டர்:
மலேசியாவின் பெரோடுவா கம்பெனி போட்ட சின்னக் கார் கெலிசா 2001இல் வந்தது, 2007இல் அடுத்த மாடல் வீவா வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஒரு காலத்தில் எங்கள் புளோக் கார் பார்க்கில் வரிசையாக நிற்கும், இப்போது தேடினாலும் கண்ணில் படுவதில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் ஆண்டுதோறும் போடுகிற கணக்கு கம்பெனி வாரியாகத்தான் இருக்கும். பெரோடுவா மொத்தம் எத்தனை என்று தெரியும், அதில் கெலிசா எத்தனை, மைவி எத்தனை என்று தெரியாது. ஆகவே கண்ணால் பார்த்ததுதான் கணக்கு. மலேசிய எல்லைப் பக்கம் உட்லண்ட்ஸில் காலையில் நின்றால் கெலிசா வரத்தான் செய்யும், ஆனால் அது ஜே-யில் ஆரம்பிக்கிற ஜோகூர் நம்பர், சேராது. எஸ்-இல் ஆரம்பிக்கிற சிங்கப்பூர் நம்பர் மட்டும் சொல்லுங்கள்.

நான் கடைசியாகப் பார்த்தது தேக்காவில், பஃபலோ ரோடு பக்கம். சிவப்பு வண்டி, பானெட் மட்டும் வெயிலில் வெளுத்து ரோஸ் கலராகிவிட்டது. பின்சீட்டை மடக்கிப்போட்டு ஓர் அக்கா வாழையிலைக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார், இலை நுனி முன்சீட்டுத் தலை வரைக்கும் வந்து நின்றது. அப்புறமும் கதவு மூடியது!

ஈசூன்வாசி:
எங்கள் மாமாவிடம் ஒன்று இருக்கிறது, 2006 வண்டி. 2016இல் சிஓஇ (கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமம்) முடிந்தபோது வீட்டில் எல்லோரும் ஸ்கிராப் போடச் சொன்னார்கள், மாமா சிஓஇ-யின் மூன்று மாதச் சராசரி விலை என்னவோ அதைக் கட்டி இன்னும் பத்து வருடத்துக்கு எடுத்துவிட்டார். வண்டியைவிட அந்தப் பேப்பருக்குக் கொடுத்த காசு அதிகம் என்று மாமி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். 2026இல் மறுபடி அதே கதை. ஐந்து வருடத்துக்குப் பாதிக் காசு கட்டி எடுக்கலாம், ஆனால் அதற்கப்புறம் நீட்டிக்க விடமாட்டார்கள், வண்டியைக் கொடுத்தே ஆகவேண்டும்.

கிரீஸ் கை:
சின் மிங்கில் கார் பட்டறையில் வேலை பார்க்கிறேன். இப்போதும் எப்போதாவது ஒன்று வரும். 989 சிசி, மூன்று சிலிண்டர், பெரோடுவாவின் உயரக் கூரை வண்டி கெனாரியிலும் இதே இஞ்சின்தான், அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. இங்கே கிடைக்காவிட்டால் ஜேபியில் (ஜோகூர் பாரு) பழைய சாமான் கடையில் அள்ளிக்கொண்டு வரலாம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக உதறும், அது வியாதி இல்லை, பிறவிக் குணம். துரு பிடித்தால்தான் வேலை. பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன், சாலை வரியும் ஏறிக்கொண்டே போய்ப் பதினான்கு வருடத்துக்கு மேல் ஒன்றரை மடங்கில் நிற்கும். அப்படியும் கெலிசாவுக்கு வருடத்துக்கு 600 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும், பெரிய விஷயமில்லை. நன்றாக ஓடுகிற வண்டியைக் கொண்டுபோய் நசுக்கக் கொடுப்பதற்கு ஒரே காரணம் சிஓஇதான். 2008 நவம்பரில் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்தது, ஆமாம், இரண்டே வெள்ளி. 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு 106,000. கெலிசாவுக்கும் அந்த ரேட்தான், 1600 சிசி காருக்கும் அந்த ரேட்தான். யார் புதுப்பிப்பார்கள்?

பொங்கோல் தம்பி:
போன மாதம் தீவு விரைவுச்சாலையில் ஒன்று போச்சு, வெள்ளி நிறம், எஸ்ஜி நம்பர். கூரை கொஞ்சம் உயரமாக இருந்த மாதிரி இருந்தது.

கிரீஸ் கை:
தம்பி, அது கெனாரி.

மூணு சிலிண்டர்:
கெனாரியும் அரிதுதான், ஆனால் கணக்கில் சேர்க்க முடியாது. ஈசூன்வாசி, மாமா 2026க்கு என்ன யோசனையில் இருக்கிறார்?

ஈசூன்வாசி:
கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் போன சனிக்கிழமை நாலு டயரையும் புதுசாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார், மாமிக்கு இன்னும் தெரியாது.