வடக்கைக் கண்காணிக்க இவ்வளவு காசு தேவையா?

கணக்கர் (ஸ்காபரோ)

எங்கள் வரிக்காசு எங்கே போகிறது என்று ஒருதரம் பார்ப்போம். 2022 வரவுசெலவுத் திட்டத்தில், காட்டுத்தீயை விண்ணிலிருந்து பார்க்கும் வைல்ட்ஃபயர்சாட் செய்மதித் திட்டத்துக்குக் கனடிய மத்திய அரசு 169.9 மில்லியன் டொலர் ஒதுக்கியது. அதே வருடம் புதிதாக 1,000 தீயணைப்பாளர்களைப் பயிற்றுவிக்க ஒதுக்கியது 37.9 மில்லியன். பார்ப்பதற்குப் போகிற காசு, அணைக்கிற ஆளைத் தயார்ப்படுத்தும் காசைப் போல நாலு மடங்குக்கு மேல். அந்தச் செய்மதிகள் 2029இல்தான் மேலே போகும் என்கிறார்கள். இதற்கிடையில் 2023இல் நாடு முழுக்க ஏறத்தாழ 15 மில்லியன் ஹெக்டெயர் எரிந்தது. 2024இல் ஜாஸ்பர் நகரத்தின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு போனது. 2025இல் மானிடோபா அவசரநிலை அறிவித்துப் பல்லாயிரம் சனத்தை வெளியேற்றியது.

நன்றாகப் பார்த்தால் தீ அணைந்துவிடுமா? 2016இல் அல்பர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரே நகரத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மே 1ஆம் தேதி, தீ சுமார் இரண்டு ஹெக்டெயர் அளவில் இருக்கும்போதே வனத்துறையின் ரோந்து ஹெலிகொப்டர் அதைக் கண்டுவிட்டது. ஆட்களும் போனார்கள். மே 3ஆம் தேதி தீ நகரத்துக்குள் வந்துவிட்டது. 88,000 சனம் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 2,400 கட்டடங்கள் அளவில் எரிந்தன. கண்டுபிடிப்பதில் அங்கே ஒரு குறையும் இருக்கவில்லை.

இந்தக் காசை வடக்கு ஊர்களைச் சுற்றி மரம் வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடவும், கூரை மாற்றவும், விமானம் வாங்கவும் கொடுக்க வேண்டும். காரிபூ மானுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை கட்டுவது, பனிக்கரடி எண்ணுவது எல்லாம் அதற்குப் பிறகு. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

வடகாற்று (யெல்லோநைஃப்)

அண்ணா, கணக்கோடே வருகிறேன். அதே 2022 திட்டத்தில் மாகாணங்களும் பிரதேசங்களும் தீயணைப்புக் கருவிகள் வாங்க 269 மில்லியன் இருந்தது. அதை நீங்கள் சேர்க்கவில்லை. சேர்த்தால் அணைக்கும் பக்கம்தான் கனம். செயற்கைக்கோளுக்கான தொகையிலும், ஏவிய பிறகு அதை இயக்கும் செலவு அடக்கம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதுவல்ல. ஃபோர்ட் மக்மரேக்கு ஆட்கள் உடனே போக முடிந்தது, சரி. இங்கே வடமேற்குப் பிரதேசங்களில் நிலைமை வேறு. தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பரப்பு, அதில் மொத்தமே 45,000 பேர் அளவில் வாழ்கிறோம். பெரும்பாலான தீயை இங்கே யாரும் அணைக்கப் போவதில்லை. ஊருக்கோ, சாலைக்கோ, சுரங்கத்துக்கோ ஆபத்து வந்தால்தான் ஆட்களை இறக்குவார்கள். மற்றபடி எரிய விடுவார்கள். அது தவறும் இல்லை, இந்தக் காடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எரிந்தும் முளைத்தும் வந்த காடு. ஆனால் எரிய விடுகிறவன் கண்ணை எடுக்கக் கூடாது. அந்தத் தீ என்றைக்கு ஆபத்தாக மாறும் என்று தெரிந்தாக வேண்டும்.

2023இல் எங்களை விரட்டிய தீ திடீரென்று முளைத்ததில்லை. ஜூலையிலேயே அது பெச்சோகோ என்ற ட்லிச்சோ பழங்குடி மக்களின் ஊரை வெளியேற வைத்தது. ஆகஸ்ட் நடுவில் எங்கள் நகரத்தை நோக்கி நகர்ந்தது. ஆகஸ்ட் 16 அன்று இரவு வெளியேற உத்தரவு, 18ஆம் தேதி நண்பகல் வரை அவகாசம். மழை இல்லாவிட்டால் வார இறுதியில் தீ நகர எல்லைக்கு வரலாம் என்று சொன்னார்கள். 20,000 பேர், வெளியே போக ஒரே நெடுஞ்சாலை, அப்புறம் விமானங்கள். புகைக்குள் பிள்ளைகளோடு பல மணிநேரம் வண்டி ஓட்டிய பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்தச் சாலையில் யாரும் எரிந்து சாகவில்லை. அந்த அவகாசத்தைக் கொடுத்தது காற்றுக் கணிப்பும் தீயின் வரைபடமும்தான்.

கணக்கர் (ஸ்காபரோ)

தம்பி, நீங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கிழமை உங்கள் பிரதேசத்தின் என்டர்பிரைஸ் ஊருக்கு என்ன நடந்தது? ஆகஸ்ட் 13 அன்று காற்று வெறிகொண்டு அடித்து அந்தச் சின்ன ஊரில் பெரும்பாலான வீடுகளை ஒரே நாளில் தின்றுவிட்டது. தீயில் ஃபைபர் கேபிள் எரிந்து, அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. பக்கத்து ஊரான ஹே ரிவரில் இருந்து புறப்பட்டவர்கள் முன்னால் சாலை எரிகிறதா என்று கேட்கக்கூட வழியில்லாமல் ஓடினார்கள். ஒட்டாவாவில் உள்ள திரையில் தீ தெரிந்திருக்கும். வண்டிக்குள் இருந்த குடும்பத்துக்குத் தெரியவில்லை. கேபிளுக்கு இரண்டாவது பாதை போட்டிருந்தால் அது எத்தனை செய்மதிக்குச் சமம்?

மலர் (பிராம்ப்டன்)

ஐயா, நீங்களும் நானும் 2023 ஜூனில் அந்தப் புகையைச் சுவாசித்தோம். என் மகளுக்கு ஆஸ்துமா. பள்ளியில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. காற்றுத்தர எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளை வெளியே கூட்டிப்போனேன். அந்த எண்ணும் "நாளைக்குப் புகை குறையும்" என்ற கணிப்பும் வடக்கில் எங்கே எவ்வளவு எரிகிறது என்று யாரோ பார்த்ததால் வந்தவைதானே? வடக்குக்குச் செலவு என்கிறீர்கள், அதன் பலனை இங்கே நாமும் அனுபவிக்கிறோம்.

கணக்கர் (ஸ்காபரோ)

தங்கச்சி, ஜூனில் ரொறன்ரோவுக்கு வந்த புகை பெரும்பாலும் கியூபெக்கில் இருந்து வந்தது. யெல்லோநைஃப் பக்கத்துத் தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வானிலைப்பித்தன்

கியூபெக் என்றாலும் கதை அதேதான் ஐயா. அங்கே தீயணைப்பு அமைப்பு மாகாணத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெற்கு வலயத்தில் எல்லாத் தீயையும் அணைப்பார்கள். வடக்கு வலயத்தில் ஊரையோ முக்கியக் கட்டமைப்பையோ நெருங்கினால்தான் போவார்கள். 2023இல் எரிந்ததில் பெரும் பரப்பு அந்த வடக்கு வலயத்தில் இருந்தது. ஆகவே மலர் சொன்னது சரி.

செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. அங்கிருந்து வடக்கைப் பார்த்தால் மிகவும் சாய்வாகத் தெரியும், 60 பாகை வடக்கு அட்சரேகைக்கு மேலே போகப் போகத் தெளிவு குறையும். துருவப் பாதையில் சுற்றுபவை நன்றாகப் பார்க்கும், ஆனால் அவற்றில் தீயைப் பார்க்கும் முக்கியமான கருவிகள் கடந்துபோவது நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும். காட்டுத்தீ உச்சத்தில் ஆடுவது பின்மாலையில். அந்த நேரத்தில் நம்மிடம் கண் இல்லை. வைல்ட்ஃபயர்சாட் குறிவைப்பது அந்த இடைவெளியைத்தான்.

இன்னொன்று, தீயைப் பார்க்கும் நாசாவின் துருவப்பாதைச் செயற்கைக்கோள்களில் டெரா 1999இல் ஏவப்பட்டது, அக்வா 2002இல். இரண்டும் எரிபொருள் முடிகிற நிலையில் பாதை விலகி வருகின்றன. அவை போய்விட்டால் அந்த இடத்தை யார் நிரப்புவது? இத்தனை காலம் பக்கத்து நாட்டின் தரவில் ஓசியில் ஓட்டிவிட்டோம். 2025 பிப்ரவரியில் அலாஸ்காவின் கோட்சபூவில் ஆள் பற்றாக்குறை என்று வானிலை பலூன் விடுவதையே நிறுத்திவைத்தார்கள். ஆர்க்டிக்கில் ஒரு பலூன் நின்றால் அதன் பாதிப்பு அந்த ஊரோடு முடியாது. அங்கே உருவாகும் காற்றோட்டம் அடுத்த சில நாட்களில் தெற்கே வரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தரையில் இருக்கும் ஓட்டை. கனடாவின் தீ வானிலைக் குறியீடு உலகில் பல நாடுகள் எடுத்துப் பயன்படுத்தும் முறை. அதற்குத் தேவை நான்கே அளவுகள்: நண்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், 24 மணி நேர மழை. இந்த நான்கையும் அளக்க நிலையம் வேண்டும். வடக்கில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். நடுவில் மழை பெய்ததா, வறண்டு கிடக்கிறதா என்பது ஊகம். 33 புதிய வானிலை ராடார்கள் போட்டார்கள், வடக்கில் இருக்கும் மூன்று பிரதேசங்களில் ஒன்றுகூட இல்லை. மண்ணின் அடியாழ வறட்சியைக் காட்டும் எண் ஒன்று உண்டு, அது குளிர்காலம் தாண்டியும் தொடரும். முந்தின இலையுதிர்காலத்தில் அது என்ன அளவில் இருந்தது என்று பதிவு இல்லாமல் வசந்தத்தில் அபாயத்தைக் கணிக்க முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டோனி கிரீக் தீ 2023இல் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்துவிட்டு, பனிக்கு அடியில் மக்கிய மண்ணுக்குள் புகைந்தபடியே 2024க்கு வந்தது. அதை வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பனி.

கணக்கர் (ஸ்காபரோ)

நிலையங்களைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. காற்றளக்கும் கம்பமும் மழைமானியும் விலை குறைந்தவை, ஒரு ஊர்க்காரரே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அரசாங்கம் செய்வது என்ன? பெரிதாக அறிவிக்கும், பிறகு கைவிடும். எல்ஸ்மியர் தீவில் யுரேக்காவில் இருக்கும் பேர்ல் வளிமண்டல ஆய்வுகூடத்தைப் பாருங்கள். 2012இல் காசில்லை என்று வருடம் முழுக்க இயங்குவதை நிறுத்தினார்கள். சத்தம் போட்ட பிறகு 2013இல் ஐந்து வருடத்துக்கு 5 மில்லியன் கொடுத்தார்கள். தொடர்ச்சியாக அளக்காத அளவுக்கு என்ன மதிப்பு? 2029இல் செய்மதி போன பிறகும் இதே நடக்கும்.

சரி, மானுக்கு வருகிறேன். வடமேற்குப் பிரதேசங்களின் பாதர்ஸ்ட் காரிபூ கூட்டம் 1986இல் ஏறத்தாழ 4,70,000. 2021இல் எண்ணும்போது 6,240 அளவில். முப்பத்தைந்து வருடம் விமானம் பிடித்துப் படமெடுத்து எண்ணினார்கள். எண்ணியதால் ஒரு மானாவது மிஞ்சியதா?

தேன்மொழி (சாஸ்கட்டூன்)

இந்தக் கேள்வி என்னை உலுக்கும் கேள்வி அண்ணா. நான் வனவிலங்குத் துறையில் படிக்கிறேன், அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதும்போது கை நடுங்கும்.

ஆனால் எண்ணாமல் விட்டிருந்தால்? வேட்டைக்காரர்கள் ஒரு பள்ளத்தாக்கில் ஆயிரம் மானைப் பார்த்து "நிறைய இருக்கிறதே" என்றிருப்பார்கள், சுரங்க நிறுவனமும் அதையே சொல்லியிருக்கும். இப்போது அந்தக் கூட்டத்தைச் சுற்றி வேட்டை கூடாத ஒரு வலயம் இருக்கிறது. அது வரைபடத்தில் நிலையாக நிற்பதில்லை. கழுத்துப்பட்டை மாட்டிய மான்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து வாரத்துக்கு வாரம் எல்லையை மாற்றி அறிவிக்கிறார்கள். பட்டையை எடுத்துவிட்டால் அந்தச் சட்டத்துக்கே உயிர் இல்லை. மிச்சமுள்ள மான்களுக்கு இருக்கும் காவல் அதுதான்.

தீயும் மானும் தனித்தனிச் செலவு என்று நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். காரிபூ குளிர்காலத்தில் தின்பது பெரும்பாலும் தரையில் பாசி போலப் படரும் லைக்கனை. ஒருமுறை எரிந்த இடத்தில் அது மான் மேயும் அளவுக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எந்தக் குளிர்கால மேய்ச்சல் காட்டைத் தீயிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க, மான் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும், தீ எங்கே போகிறது என்றும் தெரிய வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். விமானத்திலிருந்து எண்ணிச் சொன்னதைப் பழங்குடி மக்கள் பலர் நம்பவில்லை, அதில் நியாயமும் இருந்தது. 2010இல் வேட்டைத் தடை வந்தபோது அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை என்ற வலி பெரிது. ட்லிச்சோ அரசு 2016இல் தன் ஆட்களையே கோடையில் கான்ட்வாய்ட்டோ ஏரிப் பக்கம் அனுப்பி, நடந்து திரிந்து மான்களைப் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. கன்று தாயோடு நிற்கிறதா, மான் நொண்டுகிறதா, ஓநாய் எத்தனை, பூச்சித் தொல்லை எப்படி என்று மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து பதிவு செய்கிறார்கள். எந்தப் பட்டையும் இதையெல்லாம் சொல்லாது.

வடகாற்று (யெல்லோநைஃப்)

தேன்மொழி சொன்னதை அப்படியே தீக்கும் சொல்லலாம். இங்கே தீயின் போக்கை முதலில் வாசிப்பவர்கள் காட்டில் கூடாரம் வைத்திருக்கும் மூத்தவர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, வானொலி கொடுத்து, அவர்கள் சொல்வதைத் தீ வரைபடத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் அதற்கான பணத்தைச் செயற்கைக்கோளில் இருந்து வெட்டி எடுங்கள் என்றால் நான் கடைசி வரை எதிர்ப்பேன். ஃபோர்ட் மக்மரேயில் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு மட்டும் 3.5 பில்லியன் டாலருக்கு மேல். அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது இந்தத் திட்டம் முழுவதும்.

கணக்கர் (ஸ்காபரோ)

தம்பி, அந்த 3.5 பில்லியனைச் செய்மதி மிச்சம் பிடித்திருக்கும் என்று யார் சொன்னது? அதைத்தான் முதலிலேயே கேட்டேன். அந்தத் தீயை இரண்டு ஹெக்டெயரில் கண்டும் தடுக்க முடியவில்லை. இழப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்தச் செலவும் சின்னதாகத்தான் தெரியும்.

நான் மறுபடியும் சொல்கிறேன். வானிலை நிலையம், சரி. ட்லிச்சோ மக்களின் நடைக் கண்காணிப்பு, அதற்கு இரட்டிப்பாகக் கொடுங்கள். மான் பட்டை, தேன்மொழி பிள்ளை சொன்ன காரணத்துக்காக இருக்கட்டும். ஆனால் செய்மதி தருகிற தகவல் ஹே ரிவரில் வண்டி ஓட்டுகிறவரின் கைக்கு எப்படிப் போகும் என்று எழுதிக் காட்டாதவரை அந்த 169.9 மில்லியனுக்கு என் ஆதரவு இல்லை.

வானிலைப்பித்தன்

அப்படியானால் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது ஐயா. நாடாளுமன்ற நிதிக் குழு ஒவ்வொரு வருடமும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னால் மக்களிடமிருந்து எழுத்துமூலம் கருத்து வாங்குகிறது, தனிமனிதரும் அனுப்பலாம். இரண்டு கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறேன்: மூன்று பிரதேசங்களிலும் தானியங்கி நிலையங்களும் ராடாரும், அவற்றைப் பராமரிக்க ஐந்து வருடத்தோடு முடியாத நிதி. மூன்றாவதாக உங்கள் ஃபைபர் கேபிள் விஷயத்தைச் சேர்க்கிறேன், அந்தப் பத்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள். வடகாற்று, 2023 ஆகஸ்டில் உங்கள் பக்கம் தொலைபேசி எந்தெந்த ஊர்களில் எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

வடகாற்று (யெல்லோநைஃப்)

கேட்கிறேன். ஹே ரிவரில் நண்பர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுகிறேன். செயற்கைக்கோளை மட்டும் கோரிக்கையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.